காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு இரவுகள்

மதுரை வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். கம்போடியாவின் குழந்தைகள் மருத்துவமனையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய் ஒருத்தியின் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது.

அது ஐப்பசி மாதம். அவளுடைய ஆறு வயது மகனுக்கு டெங்கு. நான்கு நாள் கொதித்த உடம்பு ஐந்தாம் நாள் காலையில் குளிர்ந்ததும், "காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர், நாங்க கிளம்புறோம்" என்றாள். டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்தம் கெட்டிப்பட்டு, அழுத்தம் இறங்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரின் அளவையும் விடாமல் பார்த்து, அதற்கேற்ப சலைனைக் கூட்டியும் குறைத்தும் ஏற்ற வேண்டும். குறைந்துபோனால் பிள்ளை துவண்டுவிடும், கூடிப்போனால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு திணறும். இதை அவளிடம் சொன்னேன், அவளுக்கும் புரிந்தது. ஆனால் மல்லிகை பறிக்கும் கூலி ஐந்து நாளாகப் போயிருந்தது, வீட்டில் கைக்குழந்தை இருந்தது, கட்டணமில்லை என்று எழுதியிருந்த அந்த மருத்துவமனையிலேயே ஒவ்வொரு சிறு வேலைக்கும் யாராவது கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கிளம்பிவிட்டாள். அன்றிரவே கைகால் சில்லிட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். அவன் பிழைத்தது ஊரில் அந்நேரத்துக்கு ஓர் ஆட்டோ கிடைத்ததனால்தான்.

கம்போடியாவின் தலைநகரான நாம்பென் நகரின் காந்தா போபா மருத்துவமனை, நான்கு வயதில் இரத்தப் புற்றுநோயால் 1952இல் இறந்த, கம்போடிய மன்னர் நொரோடோம் சிஹானூக்கின் மகளுடைய பெயரைத் தாங்கியது. சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் பியாட் ரிக்னர் 1974இல் அங்கே பணிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை நகரைப் பிடித்ததும் வெளியேற நேர்ந்தது. அந்த ஆட்சியில் நாட்டின் மருத்துவர்களில் மிகச் சிலரே உயிரோடு எஞ்சினர். 1991 டிசம்பரில் ரிக்னர் திரும்பிச் சென்றபோது, பாழடைந்து கிடந்த அந்த மருத்துவமனையை மீண்டும் எழுப்பித் தருமாறு சிஹானூக் கேட்டுக்கொண்டார். 1992இல் அது திறந்தது. 2018இல் இறந்த ரிக்னர், 2017இல் நோயுற்று விலகும்வரை, செல்லோ என்ற பெரிய நரம்பு இசைக்கருவியை வாசித்து நன்கொடை திரட்டினார்.

அங்கே எந்தப் பிள்ளையின் சிகிச்சைக்கும் கட்டணம் கிடையாது. அதைவிட என்னைத் தொட்ட செய்தி வேறொன்று. அங்குள்ள செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் குடும்பம் நடத்தப் போதுமான சம்பளத்தை அவர் கொடுத்தார். நோயாளியின் வீட்டாரிடம் காசு வாங்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதை மட்டும் கேட்பது நியாயமல்ல என்பது வார்டில் நின்றவர்களுக்குத் தெரியும். நம்முடைய திருமுக்கூடல் கல்வெட்டும், வீரராசேந்திர சோழன் காலத்துப் பதினைந்து படுக்கை ஆதுலர்சாலையை, அதாவது மருத்துவமனையை, பற்றிச் சொல்லும்போது, வைத்தியருக்கும் அறுவை செய்பவருக்கும் மட்டுமல்லாமல் மருந்து காய்ச்சும் பெண்களுக்கும் உரிய நெல்லையும் காசையும் கணக்கிட்டே எழுதியிருக்கிறது.

கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், முடியாதவர் இலவசமாகப் பெறட்டும் என்ற வழி நமக்குப் புதிதல்ல. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அந்த வழியில்தான் மதுரையிலிருந்து வளர்ந்தது. ஆனால் கண்புரை ஒரு மாதம் காத்திருக்கும். டெங்கு பிடித்த குழந்தை ஒரு மணி நேரம் காத்திருக்காது. யாரால் எவ்வளவு முடியும் என்று வாசலில் விசாரித்துக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை என்பதால், குழந்தைகளுக்கு ரிக்னரின் வழியே சரி என்று நான் கருதுகிறேன்.

அங்கோர் கோயில்களுக்கு அருகிலுள்ள சியெம் ரீப் நகரில் 1999இல் திறந்த ரிக்னரின் மற்றொரு மருத்துவமனைக்கு, நாடெங்கும் 102 மருத்துவச் சாலைகளை நடத்தியதாகக் கல்வெட்டு கூறும் பழங்காலக் கெமர் மன்னர் ஏழாம் ஜயவர்மனின் பெயர் வைக்கப்பட்டது. 2017 முதல், அங்கோர் கோயில்களைக் காண வரும் அயல்நாட்டவர் வாங்கும் ஒவ்வொரு நுழைவுச்சீட்டிலிருந்தும் இரண்டு டாலர் இந்த மருத்துவமனைகளுக்குச் செல்கிறது.

நம் பக்கத்தில் சிகிச்சைக்கு மருந்து இருக்கிறது, சலைன் இருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளையோடு இருக்க வேண்டிய அந்த இரண்டு இரவுகளுக்கு, பூப்பறிக்கும் தாய்க்கு அவள் இழக்கும் கூலியையும் இரண்டு வேளைச் சோற்றையும் கொடுக்க யாராவது முன்வந்தால், "நாங்க கிளம்புறோம்" என்று அவள் சொல்ல மாட்டாள்.