பறக்க மறுக்கும் பறவை: இங்கிலாந்தின் ஃபெசன்ட் வேட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

ஃபெசன்ட் என்பது கோழி இனத்தைச் சேர்ந்த நீளவால் பறவை. இங்கிலாந்தின் ஃபெசன்ட் வேட்டை என்றதும் ட்வீட் கோட்டும் இரட்டைக் குழல் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் துப்பாக்கி பிடித்து நிற்பவருக்கு அன்றைக்கு வேலை கொஞ்சம்தான். நாள் நன்றாக அமைவதும் பாழாவதும் புதருக்குள் கோலோடு நடக்கிற ஆட்களின் கையிலும், மாதக்கணக்கில் அந்தப் பறவைகளுக்குத் தீனி போட்ட கேம்கீப்பரின், அதாவது எஸ்டேட்டின் வேட்டைப் பறவைகளைப் பராமரிப்பவரின் கையிலும் இருக்கிறது. ஏனென்றால் ஃபெசன்ட் லேசில் பறக்காது. ஆபத்து என்றால் முதலில் ஓடும், பிறகு பதுங்கும், வேறு வழியே இல்லாதபோதுதான் எழும்பும். தரையில் ஓடுகிற பறவையைச் சுடுவதை அங்கே கேவலமாகப் பார்ப்பார்கள். உயரத்தில் வேகமாக வருவதைச் சுட்டால்தான் மரியாதை. ஓடுகிற இந்தப் பறவையைத் தலைக்கு மேல் முப்பது கெஜ உயரத்தில் பறக்க வைப்பது எப்படி என்று பார்ப்போம்.

வேட்டைக் காலம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக்கூடாது என்பது 1831ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம். இங்கிலாந்தில் இன்றும் அது செல்லும். ஸ்காட்லாந்தின் மலைமேட்டில் ஆகஸ்ட் 12 அன்று தொடங்கும் கிரவுஸ் வேட்டை வேறு வகை. கிரவுஸ் முழுக் காட்டுப் பறவை, யாரும் வளர்த்து விடுவதில்லை. ஃபெசன்ட் அப்படியல்ல. ஆசியாவிலிருந்து வந்த இந்தப் பறவையைப் பிரிட்டனில் ஆண்டுக்கு மூன்று கோடி அளவில் வளர்த்துக் காட்டில் விடுகிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

வளர்ப்பிலிருந்து தொடங்குவோம். வசந்த காலத்தில் எடுத்த முட்டை அடைகாப்பானில் ஏறத்தாழ 24 நாளில் பொரிக்கும். குஞ்சுகள் சில வாரம் சூட்டு விளக்கின் கீழ் வளர்ந்து, ஆறேழு வார வயதில், பெரும்பாலும் ஜூலையில், காட்டுக்குள் கட்டிய பெரிய கம்பிவலை அடைப்புக்குப் போகும். வலை ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், மேலே கூரை கிடையாது. வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு பதித்திருப்பார்கள், நரி தோண்டி நுழையாமல் இருக்க. அதற்கும் வெளியே முழங்கால் உயரத்துக்குள் மின்கம்பி ஓடும். இறக்கி விடும்போதே ஒரு பக்க இறக்கையின் நுனி இறகுகளை வெட்டிவிடுவார்கள். அவை திரும்ப முளைக்கச் சில வாரம் ஆகும். அதற்குள் தீனி எங்கே, தண்ணீர் எங்கே, ராத்திரி அடையும் மரம் எது என்று பறவை பழகிவிடும். வெளியே பறந்து போன பறவை நடந்தே திரும்பி வருவதற்கு வலையில் புனல் வடிவ வாசல் வைப்பார்கள். நரி நுழைய முடியாதபடி அதில் கம்பிகள் இருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் நிறைய கெட்டுப்போகும். முதல் சில இரவுகளில் குளிர்ந்த மழை பெய்தால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் நெரிந்து சாகும். மூலைகளை வளைவாகக் கட்டுவது அதற்காகத்தான். வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கிற பறவையைப் பார்த்தால் மூச்சுக்குழலில் புழு இருக்கிறது என்று பொருள். ஒரே அடைப்பை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் அந்தப் புழுவின் முட்டை மண்ணிலும் மண்புழுவிலும் தங்கிவிடும். மருந்து கலந்த தீனி கொடுக்கலாம்தான், ஆனால் கூட்டத்தைக் குறைப்பதே நல்ல மருந்து. அடைப்பில் ஹெக்டேருக்கு 1,000 பறவைக்கு மேல் வேண்டாம் என்பது வேட்டைப் பறவை ஆய்வு அமைப்பின் அறிவுரை. அதைத் தாண்டினால் பறவைக்கு நோய், காட்டின் தரைச்செடிகளுக்கும் நாசம். இப்போது முக்கியமான இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளுக்கு அருகே பறவை விட 2021 முதல் அரசு உரிம நிபந்தனைகளும் வந்துவிட்டன.

செப்டம்பரில் கேம்கீப்பர் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பிலிருந்து தள்ளித் தள்ளித் தூவுவார். எதிர்ச் சரிவில் மக்காச்சோளமோ கேல் கீரையோ பட்டையாக விதைத்திருப்பார்கள். விடிந்ததும் பறவைகள் அங்கே நடந்துபோய் மேயும், சாயங்காலம் வீடு திரும்பும். இந்த வழக்கம்தான் முழு வேட்டைக்கும் அச்சாணி. கலைக்கப்பட்ட ஃபெசன்ட் வீட்டை நோக்கித்தான் பறக்கும். ஆகவே மேய்ச்சல் மேட்டிலிருந்து கிளப்பி, நடுவில் உள்ள பள்ளத்தாக்கில் துப்பாக்கிக்காரர்களை நிறுத்தினால், இரண்டு மேட்டுக்கும் நடுவே பறவை தானாகவே உயரத்தில் கடக்கும். சமவெளி எஸ்டேட்டுகளில் அந்த வசதி இல்லை. மரங்களின் மேல் ஏறித்தான் உயரம் பிடிக்க வேண்டும்.

வேட்டை நாளில் வழக்கமாக எட்டு அல்லது ஒன்பது துப்பாக்கிக்காரர்கள். எண் எழுதிய முளைக்குச்சிகளைச் சுமார் நாற்பது கெஜத்துக்கு ஒன்றாக வரிசையில் நட்டிருப்பார்கள். காலையில் சீட்டு எடுத்து இடம் தெரிந்துகொள்வார்கள். ஓரிடத்திலிருந்து பறவைகளைக் கிளப்பிச் சுடும் ஒரு சுற்றுக்கு விரட்டு என்று பெயர். ஒவ்வொரு விரட்டு முடிந்ததும் எண்ணோடு இரண்டு கூட்டிக்கொண்டு நகர வேண்டும். எட்டுப் பேரில் மூன்றாம் முளையில் நின்றவர் அடுத்து ஐந்துக்கு, பிறகு ஏழுக்கு, பிறகு ஒன்றுக்கு. நடுவில் நிற்பவருக்கே நல்ல பறவைகள் வரும் என்பதால், ஒருவருக்கே அதிர்ஷ்டம் அடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. நாளுக்கு நான்கைந்து விரட்டு, நடுவே சூப்பும் சாசேஜும்.

அதே நேரத்தில் மறுபக்கம், புதரிலிருந்து பறவைகளைக் கிளப்பிவிடுகிற கலைப்பவர்கள் வரிசை கட்டியிருப்பார்கள். கையில் கோல், சிலர் கையில் உரச்சாக்கை வெட்டிச் செய்த வெள்ளைக் கொடி. வேலி முனையிலும் ஓடை இறக்கத்திலும் ஆட்கள் முன்கூட்டியே போய் நின்று கோலால் மெல்லத் தட்டிக்கொண்டிருப்பார்கள். பறவை பக்கவாட்டில் ஓடி நழுவாமல் இருக்க அதுதான் காவல். அந்த மூலைகளில் ஆள் இல்லாவிட்டால் விரட்டு தொடங்குமுன்பே பாதிப் பறவை ஓடிப்போயிருக்கும்.

வரிசை கோணாமல், மெதுவாக, கூச்சல் இல்லாமல் வர வேண்டும். புதிதாக வருபவர்கள் செய்கிற தவறு வேகம். விறுவிறுவென்று நடந்தால் பறவைகள் எல்லாம் காட்டின் முனையில் குவிந்து, ஐம்பது அறுபது ஒரே வீச்சில் எழும்பிவிடும். துப்பாக்கிக்கு இரண்டு குழல்தானே! இரண்டு வெடித்துவிட்டுத் தோட்டா மாற்றுவதற்குள் அத்தனையும் போய்விடும். அனுபவமுள்ள கேம்கீப்பர் முதல் சில பறவை எழும்பியதும் வரிசையை நிறுத்திவிடுவார். நின்ற இடத்திலேயே கோலால் தட்டச் சொல்வார். இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகக் கிளம்பும்.

காட்டின் விளிம்புக்குச் சற்று உள்ளே, நம் ஊர்த் திருவிழாத் தோரணம் போல, பிளாஸ்டிக் துண்டுகள் கட்டிய நீளக் கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். ஓடிவருகிற ஃபெசன்ட் ஆடும் துண்டுகளைப் பார்த்து நின்று, அங்கேயே எழும்பும். கயிற்றுக்கு முன்னால் இருபது முப்பது கெஜமாவது இடம் வேண்டும், மேலே கிளைகள் அடைத்திருக்கவும் கூடாது. இடம் போதாவிட்டால் பறவை உயரம் பிடிக்காமல் துப்பாக்கி வரிசையைத் தோள் உயரத்தில் கடக்கும். அதைச் சுடவே கூடாது.

இனித் துப்பாக்கி. பெரும்பாலும் 12 போர் இரட்டைக் குழல். போர் (bore) என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் சிறியது. குழல்கள் பக்கத்தில் பக்கமாகவோ மேலும் கீழுமாகவோ இருக்கும். தோட்டாவில் 28 முதல் 32 கிராம் ரவை, அதாவது சின்னச் சின்ன உலோகக் குண்டுகள். 30 கிராமில் 6ஆம் எண் ஈய ரவை 280க்குச் சற்று மேல் இருக்கும். ரவைக்கும் வெடிமருந்துக்கும் நடுவே உள்ள தக்கை நாரால் ஆனதாக இருக்க வேண்டும் என்று பல பண்ணையார்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். பிளாஸ்டிக் தக்கை மேய்ச்சல் நிலத்தில் கிடந்தால் மாடு தின்றுவிடும்.

ஈயத்தின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. நீர்ப்பறவைகளை ஈய ரவையால் சுட இங்கிலாந்தில் 1999 முதலே தடை. 2020இல் வேட்டை அமைப்புகள் சேர்ந்து, ஐந்தாண்டில் ஈயத்தைத் தாமாகவே கைவிடுவோம் என்று அறிவித்தன. எஃகு ரவை ஈயத்தைவிட லேசு, ஆகவே இரண்டு எண் பெரிய ரவையாக, 6க்குப் பதில் 4 எடுக்க வேண்டும் (எண் குறைந்தால் ரவை பெரிது). அது அதிகம் சிதறாமல் நெருங்கிப் போகும், ஆகவே குழல் முனையின் குறுகல், அதாவது சோக், இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை. பாதி சோக்குக்கு மேல் இறுக்கினால் பழைய துப்பாக்கிக்கு ஆபத்தும் உண்டு.

ஆபத்து என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 20 போர் தோட்டாவை 12 போர் தோட்டாவோடு ஒரே பையில் போடவே கூடாது. 20 போர் தோட்டா பெரிய குழலுக்குள் வழுக்கிப்போய் உள்ளே சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து பார்த்தால் குழல் காலியாகத் தெரியும். சுடவில்லையே என்று இன்னொரு 12 போர் தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் குழல் வெடித்து இடது கை போய்விடும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான். சேறும் பனியும் குழல் முனையை அடைத்தாலும் இதே கதி. ஆகவே விழுந்து எழுந்தால், வேலி தாண்டினால், துப்பாக்கியை மடித்துக் குழல் வழியாக வெளிச்சம் பார்த்துவிட்டுத்தான் தோட்டா போட வேண்டும்.

பறவைக்குக் கீழே ஆகாயம் தெரியாவிட்டால் சுடாதே என்பது முதல் விதி. பின்னால் புதரும் மரமும் தெரிந்தால் அங்கே கலைப்பவர் ஒருவர் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முன்னால் வந்த பறவையைத் தொடர்ந்து துப்பாக்கியை ஆட்கள் வரிசைக்குக் குறுக்கே திருப்பக்கூடாது. குழலை வானத்துக்கு உயர்த்தி, உடம்பைத் திருப்பி, பின்பக்கம் போன பிறகுதான் மறுபடி தோளில் ஏற்றலாம். பல இடங்களில் கலைப்பவர்கள் நெருங்கியதும் முதல் கொம்பு ஊதுவார்கள், அதன் பிறகு முன்பக்கம் சுடக்கூடாது. இரண்டாம் கொம்புக்கு எல்லாருடைய துப்பாக்கியும் காலியாகி உறைக்குள் போக வேண்டும். இந்த விதியை மீறியவரைப் பாதி நாளில் வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் உண்டு. அது மிகச் சரியான வழக்கம்.

ஏன் குறி தவறுகிறது? பெரும்பாலும் பறவைக்குப் பின்னால் சுடுவதால். 35 கெஜத் தூரத்துக்கு ரவை போய்ச்சேரச் சுமார் பத்தில் ஒரு பங்கு நொடி ஆகும். மணிக்கு 40 மைல் வேகத்தில் வருகிற பறவை அதற்குள் ஏறத்தாழ ஆறடி நகர்ந்துவிடும். ஆறடி முன்னால் அளந்து சுட யாராலும் முடியாது. வாலிலிருந்து தொடங்கி, உடம்பைக் கடந்து, அலகையும் தாண்டிக் குழலை ஓட்டிக்கொண்டே விசையை இழுக்க வேண்டும். இழுக்கிற கணத்தில் கை நின்றுவிட்டால் ரவை வாலுக்குப் பின்னால்தான் போகும். தலையைத் தூக்கிப் பார்த்தாலும் அதேதான். கன்னம் துப்பாக்கியின் கட்டையை விட்டு அகலக்கூடாது.

துப்பாக்கி வரிசைக்கு வெகு பின்னால் லாப்ரடார், ஸ்பானியல் நாய்களோடு சிலர் நிற்பார்கள். அடிபட்டு ஓடுகிற பறவையைத் தேடிப் பிடித்து உடனே உயிரை முடிப்பது அவர்கள் வேலை. இவர்களைக் குறைத்துக்கொண்டு நடத்துகிற வேட்டைக்குப் போகவே கூடாது என்பேன்.

விழுந்த பறவைகளை ஜோடி ஜோடியாகக் கட்டித் தொங்கவிட வேண்டும். வண்டியில் குவித்துப் போட்டால் உடற்சூடு இறங்காமல் இறைச்சி பச்சை நிறமாகிக் கெட்டுவிடும். நாலைந்து டிகிரி குளிரில், இறகோடு, மூன்று முதல் ஏழு நாள் தொங்கலாம். சமைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: நெஞ்சில் கொழுப்பே இல்லை, நாட்டுக்கோழியைவிடச் சீக்கிரம் வறண்டுவிடும். காலில் ஈர்க்கு மாதிரி நரம்புகள் உண்டு, அவற்றைத் தனியே நெடுநேரம் வேகவைத்துத்தான் தீர வேண்டும். தோலுரித்த நெஞ்சில் சின்னக் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அங்கே கத்திமுனையால் கிளறிப் பாருங்கள். ரவை உள்ளே போகும்போது ஓர் இறகு நுனியையும் இழுத்துப் போயிருக்கும். அந்த இறகைப் பிடித்து இழுத்தால் பல நேரம் ரவை வந்துவிடும். ஈய ரவையால் சுட்ட இறைச்சியைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அடிக்கடி உண்ண வேண்டாம் என்பது பிரிட்டிஷ் உணவுத் துறையின் அறிவுரை.

பணம் எவ்வளவு ஆகும்? மேலே போவது ஒரு கினி, கீழே விழுவது அரை கிரவுன் என்று அங்கே பழைய சொலவடை உண்டு. கினி 21 ஷில்லிங், அரை கிரவுன் இரண்டரை ஷில்லிங். வளர்த்த செலவில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. இன்றைக்கும் கணக்கு மாறவில்லை. விலைக்கு வேட்டை விற்கும் எஸ்டேட்டுகள் பறவைக்கு 40 பவுண்டுக்கு மேல் வாங்கும், இறைச்சி வியாபாரியோ மிகச் சொற்பமே தருவார். எண்ணிக்கை மோகம்தான் இந்த விளையாட்டின் பழைய வியாதி. 1913 டிசம்பர் 18 அன்று பக்கிங்ஹாம்ஷயரின் ஹால் பார்ன் எஸ்டேட்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் உடன் வந்தவர்களும் ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட்டுகளைச் சுட்டார்கள். கொஞ்சம் மிஞ்சிப்போய்விட்டோமோ என்று மன்னரே சங்கடப்பட்டாராம். அவருடைய தந்தை ஏழாம் எட்வர்ட் சாண்ட்ரிங்ஹாம் அரண்மனைக் கடிகாரங்களையே அரைமணி முன்னால் நகர்த்தி வைத்தவர், பகல் வெளிச்சத்தில் வேட்டைக்குக் கூடுதல் நேரம் கிடைக்க! 1936 வரை அந்த ஊர் மணி தனி மணியாகவே ஓடியது.

இந்த மோகத்தை நீலகிரிக்கும் கொண்டுவந்தார்கள். ஊட்டிப் புல்மேட்டில் நரிக்குப் பதில் குள்ளநரியை நாய்க்கூட்டத்தோடு துரத்தினார்கள். சுட்டுச் சுட்டு விலங்கு குறைந்ததும் 1877இல் ஒரு வேட்டைச் சங்கமும் 1879இல் நீலகிரி வேட்டைப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு முற்றுப்புள்ளி வைத்தன. ஆகவே இங்கே கேட்டதைக் காட்டுக்கோழியிடம் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.

பிரிட்டனில் இருக்கும் நேயர்களுக்கு ஆர்வம் இருந்தால், துப்பாக்கி வாங்கக் கிளம்பாதீர்கள். அதற்குக் காவல்துறைச் சான்றிதழ் வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பூட்டிய இரும்புப் பெட்டியும் வேண்டும். கலைப்பவராகப் போக எந்த உரிமமும் வேண்டாம். அக்கம்பக்கத்துக் கேம்கீப்பர்களுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடுதான். நாள் முடிவில் கொஞ்சம் பணமும் ஒரு ஜோடிப் பறவையும் கிடைக்கும். பருவ இறுதியில், துப்பாக்கிச் சான்றிதழ் உள்ள கலைப்பவர்கள் தாங்களே சுட ஒரு நாளை ஒதுக்குகிற எஸ்டேட்டுகளும் நிறைய. இடுப்பு வரை தண்ணீர் புகாத கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஈரமான மக்காச்சோளத்துக்குள் பத்து நிமிடம் நடந்தாலே தொடைவரை நனைந்துவிடும். முட்செடி கிழிக்காத கையுறையும் வேண்டும். வளர்ப்பு நாயை முதல் முறையே கூட்டிப்போக வேண்டாம். சங்கிலியை அறுத்துக்கொண்டு முன்னால் ஓடுகிற ஒரு நாய் போதும், அந்த விரட்டில் துப்பாக்கிக்காரர்களுக்கு வேலையே இருக்காது.

வணக்கம்.