எட்டு மணித் தண்டல்

வட சென்னை நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் காசிமேட்டுக்காரி. வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். நான் வீட்டிலேயே நைட்டி தைத்து, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்குப் போடுகிறேன். கடனிலிருந்து எப்படி மீண்டு வந்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன்.

2022 ஆகஸ்ட் மாதம். தண்டல் என்றால் தினம் வீட்டுக்கு வந்து வசூலிக்கிற கடன். ராத்திரி எட்டு மணிக்குத் தண்டல் வசூல் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டாலே, மிஷினை நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வேன். ஒன்பது வயது மகள் வாசலுக்குப் போய் "அம்மா இல்ல" என்று சொல்வாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் எண்ணூரிலிருந்து என் அக்கா வந்து கதவைத் தட்டினார். தன் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தும் பிள்ளை வாயில் "அம்மா இல்ல" என்றுதான் வந்தது. அக்கா உள்ளே வந்து பார்த்தார். ஸ்டவ் பக்கத்தில், விளக்குக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு நோட்டு எடு" என்றார், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து எழுதினோம். அதுவரை யாராவது கேட்டால் "ஒரு லட்சம் இருக்கும்" என்பேன். மனசுக்குள்ளும் அப்படித்தான் நம்பியிருந்தேன். தண்டல் இரண்டு அட்டை, பாக்கி 20,000. மகளிர் குழுக்கடன் இரண்டு, 60,000. அடகுக் கடையில் ஐந்து சவரன் சங்கிலி, வட்டியோடு 99,000. எடுத்துவிட்ட சீட்டுக்குக் கட்ட வேண்டியது 44,000. கைமாத்து 50,000. கூட்டிப் பார்த்தால் 2,73,000. வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், "படகு ஓனர்கிட்ட முன்பணம் 15,000 வாங்கிக்கிறேன். அதையும் எழுது" என்றார். எனக்குத் தெரியாமல் அவரும் ஒன்றைச் சுமந்திருக்கிறார். 2,88,000. அந்த எண்ணைப் பார்த்து அழுதேன். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் தூங்கினேன்.

இது எங்கிருந்து வந்தது என்று வெளியிலிருந்து கேட்பவர்கள் சினிமா, துணிமணி, கல்யாணச் செலவு என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஏப்ரல் 15-ஆம் தேதி வரும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம், தடை வேண்டியதுதான். அதில் எனக்குக் குறை இல்லை. அரசு நிவாரணம், இப்போது 8,000 ரூபாய், வருகிறது. ஆனால் இரண்டு மாத வாடகை, அரிசி, ஜூனில் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அதற்குள் அடங்குமா? தடைக்காலத்தில் வாங்கியதை அடைக்க ஆடியில் ஒன்று, அதை அடைக்கத் தீபாவளிக்கு ஒன்று. ரொட்டேஷன் என்று நாமே அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

நோட்டில் எழுதிய பிறகு அக்கா ஒரு வேலை செய்யச் சொன்னார். ஒவ்வொரு கடனுக்கும் பக்கத்தில் அது எத்தனை வட்டி என்று போடு. நம் பாஷையில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. குழுக்கடன் கிட்டத்தட்ட இரண்டு வட்டி. அடகுக் கடை இரண்டு வட்டி. தண்டலுக்கு என்ன போடுவது? அதில் வட்டி என்று யாரும் சொல்வதே இல்லையே.

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். பத்தாயிரம் தண்டல் என்றால் 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் நூறு, நூறு நாள். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை. மறுநாளிலிருந்தே திரும்பப் போகிறது, ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. சரியாகக் கணக்குப் போட்டால் அது பத்து வட்டி. வருஷத்துக்கு 120 சதவீதம். எங்களிடம் வந்த தண்டல் தம்பி சத்தமே போடமாட்டார். "அக்கா" என்பார், பிள்ளைக்கு மிட்டாய் தருவார். குழுக்கடன் கூட்டத்தில்தான் மானம் போகும், அதனால் நான் எப்போதும் குழுவுக்குப் பயந்து தண்டல் வாங்கிக் கட்டினேன். இரண்டு வட்டியை அடைக்கப் பத்து வட்டி வாங்கியிருக்கிறேன். யார் அதிகமாகச் சத்தம் போடுகிறார்களோ அவர்களுக்கே முதலில் கட்டுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. அங்கேதான் கணக்கு நம் கையை விட்டுப் போகிறது.

தண்டலில் இன்னொன்று. அறுபதாவது நாள் வந்து, "புதுசு போட்டுக்கலாமாக்கா? பழசைக் கழிச்சிட்டு மீதி தர்றேன்" என்பார்கள். பழைய பாக்கி 4,000, புது வட்டி 1,500 போக, கையில் 4,500 வரும். அந்த நாலாயிரத்துக்கு ஏற்கெனவே வட்டி கொடுத்தாயிற்று, மறுபடியும் கொடுக்கிறோம். அதனால் நான் புதுசு போடவில்லை. இருந்த இரண்டு அட்டையையும் முன்கூட்டி அடைக்கவும் இல்லை. வட்டியை முதல் நாளே எடுத்துவிட்டார்கள், முன்னால் அடைத்தால் ஒரு ரூபாயும் மிச்சமில்லை. அட்டையின் கடைசிக் கட்டம் வரை கட்டினேன். புதுசு போடவில்லை.

அடுத்தது நகை. அக்கா ஒரே ஒரு பகலுக்கு 99,000 புரட்டிக் கொடுத்தார். சங்கிலியை மீட்டு, அன்றைக்கே ராயபுரத்தில் ஒரு வங்கியில் வைத்தோம். ஒரு வட்டிக்கும் குறைவு, 1,32,000 கிடைத்தது. அக்கா பணம் சாயங்காலமே திரும்பிப் போய்விட்டது. மீதி 33,000-இல் 22,000 போட்டுச் சின்னக் குழுக்கடனை முடித்தேன், மற்றது சீட்டுப் பாக்கிக்கு. குழுக்கடனை முன்னதாக அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. இது ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதி. அந்த விதிகளில் இன்னும் இரண்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு அழைக்கக் கூடாது. வீட்டு மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகும்படிக் கடன் கொடுக்கக் கூடாது. குழுக்கடன் கொடுத்த கம்பெனியிடம் எழுதிப் புகார் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், வழி கேட்க 14448.

தனியாரிடம் வாங்கியவர்களுக்கு: மீட்டர் வட்டி, கந்துவட்டி, மணி வட்டி, தண்டல் எல்லாமே 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டத்துக்குள் வருகின்றன. மூன்று வருஷம் வரை சிறை உண்டு. காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் 15100-க்குப் போன் செய்யுங்கள். அது இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் கொடுப்பார்கள். வெற்றுப் பத்திரத்திலும் நிரப்பாத செக்கிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தாயே. கை கூப்பிக் கேட்கிறேன்.

தண்டல் முடிந்த அன்று ராத்திரி எட்டு மணிக்கு எனக்குக் கை பரபரத்தது. தினம் முந்நூறு ரூபாய் எடுத்து வைத்த கை. அந்த முந்நூறைப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டேன். மறுநாளும் எட்டு மணிக்கு. மகள் ஒரு அட்டையில் நூறு கட்டம் போட்டு, தினம் கையெழுத்துப் போட்டாள். மாதம் 9,000. முதலில் படகு முன்பணம், பிறகு கைமாத்து, கடைசியாக நகை. வேலை இல்லாத வாரங்களில் கட்டம் காலியாக இருந்தது, அதையும் அப்படியே விட்டோம். 2025 மே மாதம் சங்கிலி வீட்டுக்கு வந்தது. இரண்டே முக்கால் வருஷம்.

இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாராவது, இனி உயிரோடு இருந்து என்ன பயன் என்கிற இடத்தில் நின்றுகொண்டிருக்கலாம். நானும் அந்த அடுப்படியில் அப்படி நின்றிருக்கிறேன். 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். ராத்திரி எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். கடனைப் பற்றி நாளைக்குப் பேசலாம், இன்றைக்கு அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

டப்பா இப்போதும் இருக்கிறது. தினம் நூறு ரூபாய்தான், அடுத்த தடைக்காலத்துக்கு. மணி எட்டு அடித்தால் மகளே எடுத்து வைத்துவிடுகிறாள்.