சூரைப்பழமும் இரும்புக் கணக்கும்

(கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம்ம பக்கத்து முள்ளுக்காட்டில் சூரையும் களாவும் காரையும் பழுத்துக் கிடக்கும். ஆடு மேய்ப்பவர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் தவிர யாரும் சீந்துவதில்லை. இப்போது அதற்குத் திடீர் மவுசு. 'நூறு கிராமில் இவ்வளவு இரும்பு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சரி, அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

ஆய்வுக்கூடத்தில் பழத்தின் கொட்டையை நீக்கி, ஈரம் போகக் காயவைத்துப் பொடிக்கிறார்கள். அந்தப் பொடியை 550 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, கருவியில் அளக்கிறார்கள். ஆக, பட்டியலில் இருக்கும் நூறு கிராம் பல நேரங்களில் காய்ந்த பொடியின் நூறு கிராம். நாம் பறித்துத் தின்பதோ ஈரப் பழம். அதில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர் என்று வையுங்கள்: பட்டியலில் 20 மில்லிகிராம் என்றால் கையில் இருப்பதில் 4தான். ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அந்த 4-ம் முழுசாக உடம்பில் ஒட்டாது. நாக்கைத் துவர்க்க வைக்கிறதே டானின், அது இரும்பைக் கட்டிப்போடும். வைட்டமின் சி அதை உள்ளே சேர்க்கும். இந்த இழுபறி எந்தப் பட்டியலிலும் வராது.

அடுத்தது, அளவு. மீன்குழம்பில் நாலு இலும்பன்புளி, அதாவது பிலிம்பிக்காய், போடுவது நமக்குப் பழக்கம்தான். கொழுப்பு குறையுமென்று அதையே கெட்டிச் சாறாக எடுத்துக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-இல் ஆய்விதழில் எழுதினார்கள். காரணம் அதிலுள்ள ஆக்சலேட். அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. அதன் பங்காளியான நட்சத்திரப்பழத்தை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

உண்ணிப்பழத்தைப் பிள்ளைகள் தின்பார்கள். பச்சைக்காய் நஞ்சு, அதை வாயில் வைக்க விடாதீர்கள். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைத் தரையில் நன்றாகத் தேய்த்துச் சுணைமுள்ளைப் போக்கிவிட்டுத் தின்னுங்கள். அப்புறம் சிறுநீர் சிவப்பாகப் போனால் அலறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம், பெரும்பாலும் அது பழத்தின் சாயம்தான்!

இன்னொன்று, பறிக்கும் இடம். மருந்தடிக்கிற மாந்தோப்பு வேலியில் பழுத்த சூரை வேண்டாம். செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்துகள் உண்டு. அவை கழுவினால் போகாது.