அசையாதவரைத் தேடி ஆயிரம் நாள் நடை

நேயர்களுக்கு வணக்கம்.

தபால்காரனாக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆன்மிகம் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, விலாசம் மாறி வந்த கடிதம் என்றுதான் நினைத்தேன். பூஜை அறைப் பக்கம் நான் எத்தனை நாள் எட்டிப் பார்ப்பேன் என்பது என் வீட்டுக்காரிக்குத் தெரியும். "அதில்லை சார், ஜப்பான் போய் வந்தீர்களே, அந்த நடக்கிற சாமியார்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றார்கள். அதுவென்றால் சரி. சாமியைப் பற்றித் தெரியாவிட்டாலும் நடையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

மருமகப்பிள்ளைக்கு ஓசாகாவில் வேலை. போன இடத்தில் என் மகள் ஒருநாள், "அப்பா, நடந்து நடந்தே ஞானம் தேடுகிற மலை ஒன்று இங்கே இருக்கிறது, வருகிறீர்களா?" என்றாள். கியோட்டோவுக்கு வடகிழக்கே நிற்கும் ஹியேய் மலை அது. உயரம் 848 மீட்டர். கொடைக்கானல் பார்த்த கண்ணுக்குக் குன்று என்றுதான் தோன்றும். ஒரு பக்கம் கீழே கியோட்டோ நகரம், மறு பக்கம் பீவா ஏரி. ஏரிப் பக்கத்திலிருந்து கேபிள் ரயில் ஏறினோம். பாதையின் நீளம் 2,025 மீட்டர். அந்த நாட்டிலேயே நீளமான கேபிள் ரயில் அதுதானாம், 1927-இலிருந்து ஓடுகிறது. பதினோரு நிமிஷத்தில் மேலே விட்டுவிட்டது. நடப்பவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போனவன் ரயிலில் ஏறிப் போனதில் எனக்கே கொஞ்சம் வெட்கம்தான்.

788-இல் சைச்சோ என்ற இளந்துறவி அந்த மலையில் ஒரு சிறு கோயில் கட்டினார். கியோட்டோ அப்போது தலைநகராகக்கூட ஆகவில்லை. அதுதான் பிறகு என்ரியாக்குஜி என்ற பெரிய மடமாக வளர்ந்தது. தெண்டாய் என்கிற பௌத்தப் பிரிவுக்கு அது தாய்வீடு. 1571-இல் ஓதா நொபுனாகா என்ற படைத்தலைவன் மலையையே கொளுத்தினான். இன்று பார்க்கிற கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு எழுந்தவை.

அந்த மடத்தில் எல்லா மடங்களிலும் போல மந்திரம் உண்டு, தியானம் உண்டு, படிப்பு உண்டு. கூடவே அபூர்வமான ஒன்றும் உண்டு. கைஹோகியோ என்பார்கள். மலையைச் சுற்றி வரும் நோன்பு. இதைத் தொடங்கிவைத்தவராகச் சொல்லப்படுபவர் சோவோ என்ற துறவி. 831-இல் பிறந்து 918-இல் மறைந்தவர். தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலில் வரும் ஒரு போதிசத்துவர், அதாவது புத்தராகும் வழியில் இருப்பவர், அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டாராம். அந்தப் போதிசத்துவர் ஏடு படிக்க மாட்டார். எதிரில் வருகிறவர் யாரானாலும் கைகூப்பி, உங்களை நான் இழிவாக எண்ண மாட்டேன், நீங்களும் புத்தராகப் போகிறவர் என்பார். அவ்வளவுதான் அவர் சாதனை. இவனென்ன நம்மைக் கேலி செய்கிறானா என்று ஜனங்கள் தடியாலும் கல்லாலும் அடித்தார்கள். அவர் எட்ட ஓடிப்போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே மறுபடியும் அதையே சத்தமாகச் சொன்னார். எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது.

சோவோ அந்தக் கும்பிடைக் கல்லுக்கும் மரத்துக்கும் நீட்டிவிட்டார். அந்த மலையில் துறவி நடக்கிற வழியில் 260 இடம் போல நின்று வணங்க வேண்டும். கோயில், சமாதி இவற்றோடு ஒரு பாறை, ஒரு ஊற்று, ஒரு பழைய மரம் என்று எல்லாம் அதில் சேர்த்தி. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் இவர்களுக்கு மாரத்தான் துறவிகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயரில் சம்மதமில்லை. மாரத்தான் ஓடுகிறவன் எங்கேயாவது நடுவில் நின்று மரத்தைக் கும்பிடுவானா?

கணக்கைச் சொல்கிறேன், காகிதம் பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு வருஷத்தில் ஆயிரம் நாள். முதல் மூன்று வருஷமும் வருஷத்துக்கு 100 நாள். நாலாம், ஐந்தாம் வருஷங்களில் வருஷத்துக்கு 200 நாள். ஒவ்வொரு நாளும் சுமார் 30 கிலோமீட்டர். ஆறாம் வருஷம் 100 நாள், ஆனால் தினம் 60 கிலோமீட்டர். ஏழாம் வருஷத்தின் முதல் 100 நாளில் தினம் 84 கிலோமீட்டர். கடைசி 100 நாளில் மறுபடியும் 30. கூட்டினால் 38,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். பூமியைச் சுற்றிவரவே 40,000தான். இவர்கள் பூமியைச் சுற்றவில்லை. ஒரே மலையை, ஒரே பாதையில், நள்ளிரவு தாண்டி எழுந்து, கையில் ஒரு விளக்கோடு.

உடுப்பு வெள்ளை. ஜப்பானில் பிணத்துக்கு உடுத்துகிற நிறம் அது. தலையில் நீளமான தொப்பி, விரியாமல் சுருண்டிருக்கும் தாமரை இலை மாதிரி. காலில் வைக்கோலால் பின்னிய செருப்பு. முதல் 300 நாளுக்கு உள்ளே காலுறைகூடக் கிடையாது. இடுப்பில் ஒரு கத்தி, ஒரு கயிறு. முதல் 100 நாளோடு விலகிக்கொள்ளலாம். பல பேர் அதோடு நிறுத்துகிறவர்கள்தான். 101-ஆம் நாள் காலெடுத்து வைத்துவிட்டால் திரும்பக்கூடாது. முடியவில்லையென்றால் என்ன செய்வதென்பதற்குத்தான் கத்தியும் கயிறும். இந்த விதியைக் கேட்டபோது என் மகள், "இது என்ன ஞானம் அப்பா, மிரட்டலாக இருக்கிறதே" என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த இடம் எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. 1571-க்குப் பிறகு ஆயிரம் நாளையும் முடித்தவர்கள் சுமார் ஐம்பது பேர்தான்.

சரி, ஒரே பாதையில் நடந்தால் என்ன கிடைக்கும்? இங்கே நான் என் அனுபவத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்; மலையையும் மடுவையும் ஒப்பிடுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். என் பீட்டில், அதாவது தினம் நான் தபால் கொடுத்து வரும் சுற்றில், நாலு கிராமம். காலையில் சார்ட்டிங் முடித்துப் பையைத் தோளில் போட்டால், அதே வரப்பு, அதே புளியமரம், அதே திண்ணை. முதல் வருஷம் புதுசாக இருந்தது. இரண்டாம் வருஷம் சலிப்பு என்றால் அப்படியொரு சலிப்பு. மனசு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விடும், கால்தான் பின்னால் வரும். மூன்று நாலு வருஷத்துக்கு அப்புறம் என்னவோ ஆயிற்று. ஒரு வீட்டுப் படியில் கோலம் இல்லையென்றால், உள்ளே உடம்பு சரியில்லை என்று தெரிந்தது. மணியார்டருக்குக் காத்திருக்கிற கிழவியின் இருமல், தெரு முனையிலேயே கேட்டது. பாதை மாறவேயில்லை. என் கண்தான் அதுவரை மூடியிருந்திருக்கிறது. புதுசு புதுசாக இடம் பார்க்கிறவனுக்கு இது வாய்க்காது என்றே நினைக்கிறேன். சோவோ எதற்காகப் பாதையை மாற்றாமல் வைத்தார் என்பது எனக்கு அங்கே நின்றபோது, புத்தியில் அல்ல, முழங்காலில் புரிந்தது.

இந்த நடைக்கு மூல இடம் முதோஜி என்கிற பள்ளத்தாக்குக் கோயில். சோவோ 865-இல் அமைத்தது. ரயில் நிலையத்திலிருந்து சரிவில் இறங்கிப் போக வேண்டும். முதோ என்றால் அசைவில்லாதது என்று மருமகப்பிள்ளை எழுத்துக் கூட்டிச் சொன்னார். உள்ளே இருக்கும் தெய்வம் ஃபுதோ மியோவோ. நெருப்பு பின்னால் எரிய, ஒரு கையில் வாள், ஒரு கையில் கயிறு; நம்மூர்க் காவல் தெய்வம் மாதிரி உருட்டு விழி. ஃபுதோ என்றாலும் அசையாதவர்தான். சமஸ்கிருதத்தில் இவர் பெயர் அசலர். அருணாசலம் என்கிறோமே, அந்த அசலம். அசையாததால் மலைக்கும் அதே பெயர். எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆயிரம் நாள் நிற்காமல் நடக்கிறவன், நடந்து நடந்து கும்பிடுவது அசையாத ஒருவரை!

அவர் மந்திரத்தை அங்கே "நோமாக்கு சன்மண்டா பசரதா" என்று தொடங்குகிறார்கள். "நமஸ் ஸமந்த வஜ்ராணாம்" என்பது சீனா வழியாக நடந்து நடந்து அப்படித் தேய்ந்திருக்கிறது. ஹோமத்தைக் கோமா என்கிறார்கள். ஆசாரியர் அங்கே அஜாரி. விலாசம் கொஞ்சம் கலைந்திருந்தாலும் தபால் சரியான வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

700 நாள் முடிந்ததும் நடை நிற்கும். தோஇரி என்ற கட்டம். மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தால் ஒன்பது நாள். சோறில்லை, தண்ணீரில்லை, தூக்கமில்லை, படுக்கையில்லை. ஒரு லட்சம் தடவை மந்திரம். கண்ணயராமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் இருவர். முதல் நாள் நண்பகல் வாக்கில் நுழைந்து ஒன்பதாம் நாள் விடியலில் வெளியே வருவதால், மணிக்கணக்கில் ஏழரை நாள் ஆகும். தினமும் அர்த்த ராத்திரிக்குப் பிறகு, இரண்டு மணிக்கு, எழுந்து கிணற்றுக்குப் போய் சாமிக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். தனக்கு ஒரு சொட்டுக் கிடையாது. உள்ளே போகுமுன் உறவும் சக துறவிகளும் சேர்ந்து உயிரோடிருக்கிறவனுக்கே சாவு விருந்து போல ஒன்று நடத்தி வழியனுப்புகிறார்கள்.

புத்தர் பட்டினித் தவத்தை வேண்டாமென்று விட்டவர் ஆயிற்றே, சுஜாதை கொடுத்த பால்சோற்றைச் சாப்பிட்ட பிறகல்லவா போதி மரத்தடியில் உட்கார்ந்தார் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மருமகப்பிள்ளை சிரித்தார், பதில் சொல்லவில்லை. அந்த ஒன்பது நாளை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 700 நாள் வரைக்கும் நடந்தது தனக்காக. செத்துப் பிழைத்து வெளியே வந்த பிறகு நடப்பது பிறருக்காக. அப்படித்தான் அவர்கள் கணக்கு. ஞானம் கிடைத்துவிட்டது, குகைக்குள் உட்கார்ந்துகொள்ளலாம் என்று விடுவதில்லை, ஊருக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

அந்த 84 கிலோமீட்டர் அதற்குத்தான். மலையிலிருந்து கியோட்டோ நகரத்துக்குள் வந்து, கடைவீதியும் சிக்னலுமாக இருக்கிற தெருக்களில் நடக்கிறார். ஜனங்கள் ஓரமாக மண்டியிட்டுத் தலையைக் குனிந்திருப்பார்கள்; ஜெபமாலையால் ஒவ்வொரு தலையையும் தொட்டுவிட்டுப் போகிறார். தூக்கம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். அவருக்குப் பின்னால் ஓர் ஆள், மெத்தை கட்டிய கழியால் இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே வருகிறார்! இந்தச் சங்கதி எனக்கு அந்த ஒன்பது நாள் பட்டினியைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. உயிருள்ள புத்தர் என்று ஊரே கும்பிடுகிற மனிதருக்கும் பின்னாலிருந்து தள்ளிவிட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அதை மறைப்பதும் இல்லை.

இப்படி நடந்தவர்களில் சக்காய் யூசாய் என்றொருவர். 1926-இல் பிறந்தவர். போருக்குப் பிறகு நூடுல்ஸ் கடை வைத்தார், தீப்பிடித்துப் போயிற்று. வேறு தொழில்களும் கைகொடுக்கவில்லை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே மனைவி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எதிலும் ஒட்டாமல் திரிந்த மனிதர் நாற்பதை நெருங்கும்போது மலைக்கு வந்து மொட்டையடித்துக்கொண்டார். மற்றவர்கள் பையன்களாக வந்து சேருகிற இடம் அது. 1980-இல் ஆயிரம் நாளை முடித்தார். முடித்தவர் சும்மா இருந்தாரா? மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி 1987-இல் இரண்டாவது ஆயிரத்தையும் முடித்தார். அப்போது வயது அறுபது. நானூறு வருஷத்தில் இரண்டு தரம் முடித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். 2013-இல் காலமானார். துக்கத்திலிருந்து தப்பிக்க நடந்தாரா, துக்கத்தோடு நடந்தாரா என்று எனக்கு ஒரு யோசனை. அறுபது வயதில் 84 கிலோமீட்டர் நடக்கிறவனைத் தப்பித்து ஓடுகிறவன் என்று சொல்ல மனசு வரவில்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். 1872 வரைக்கும் அந்த மலையில் பெண்கள் காலெடுத்து வைக்க அனுமதியில்லை. கல்லும் மரமும் புத்தராகலாம், பெண் உள்ளே வரக்கூடாது! என் மகள் இதைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் என்னை முந்திக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப் போனாள்.

மேற்கு வளாகத்திலிருந்து யொக்காவா என்ற வடக்கு வளாகத்துக்குப் போகிற மலைமுகட்டில் ஒரு பெரிய தேவதாரு மரம் நிற்கிறது. அதன் எதிரே கல்லில் செய்த ஓர் இருக்கை. 30 கிலோமீட்டரிலும் துறவி உட்காரலாம் என்று விதி அனுமதிக்கிற ஒரே இடம் அதுதான். அதுவும் இளைப்பாற அல்ல. கீழே தெரிகிற கியோட்டோவைப் பார்த்தபடி அரண்மனைக்கும் நாட்டுக்கும் பிரார்த்தனை செய்ய. எனக்கு மூச்சு வாங்கிற்று. "உட்காருங்களேன் அப்பா, யார் பார்க்கப் போகிறார்கள்" என்றாள் மகள். நான் மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பக்கத்துச் சரிவில், தரையில் உட்கார்ந்தேன்.

அங்கேதான் மருமகப்பிள்ளை இன்னொன்று சொன்னார். ஆயிரம் நாள் என்கிறோமே தவிர, உண்மையில் 975-ஆம் நாளோடு நிறுத்திவிடுவார்களாம். மிச்சம் 25 நாளை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். மீதி வாழ்நாள் முழுக்க நடந்து தீர்க்க வேண்டிய பாக்கி அது.

ஊர் திரும்பியதிலிருந்து காலையில் பழைய பீட்டில் ஒரு நடை போய் வருகிறேன். பையில்லை, கடிதமில்லை. "என்ன போஸ்ட்மேன், ஏதாவது வந்திருக்கா?" என்று திண்ணையிலிருந்து கேட்கிறார்கள். இல்லையம்மா, சும்மாதான் என்கிறேன். புளியமரத்தடியில் மட்டும் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கைகூப்பிக்கொள்வேன். மூன்றாம் தெரு நாய் இன்னும் என்னை விடாமல் துரத்துகிறது. அதையும் கும்பிட வேண்டும்தான். இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. வணக்கம்.