சமையல்கட்டு வாசல்ல ஒரு நியூஜெர்ஸி கடிகாரம்

(நங்கநல்லூர்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேசினது, பேசினபடியே எழுதியிருக்கேன்)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசையில உக்காந்திருக்கிற பெரியவங்களுக்கு தனியா ஒரு வணக்கம், ஏன்னா இன்னிக்கு நான் பேசப்போறது வெளிநாட்டுல இருக்கிற உங்க பசங்க திரும்பி வர்றதைப் பத்தின்னு நெனச்சு வந்திருப்பீங்க, ஆனா பாதிக்கு மேல உங்களைப் பத்திதான். நடுவுல பிளைட் சத்தம் வந்தா கொஞ்சம் நிறுத்திக்கிறேன்.

நான் 2005ல அமெரிக்கா போனேன், நியூஜெர்ஸியில எடிசன், அங்க பதினோரு வருஷம். 2016 ஜூன்ல வீட்டுக்காரர், பையனோட திரும்பி வந்துட்டேன். வந்தது சரியான்னு கேட்டா சரின்னுதான் சொல்வேன். ஆனா வந்த நேரம் சரியான்னு கேட்டா, இல்ல. அதைத்தான் பேசணும்.

இங்க அப்பா அம்மா வீட்ல சமையல்கட்டு வாசலுக்கு மேல ரெண்டு கடிகாரம் இருக்கும். ஒண்ணு நம்மூர் நேரம், இன்னொண்ணு எங்க நியூஜெர்ஸி நேரம். அப்பா வாங்கி மாட்டினது. அமெரிக்காவுல வருஷத்துக்கு ரெண்டு தடவை மணியை மாத்துவாங்கன்னு தெரியும்ல, மார்ச் ரெண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாடி, நவம்பர் முதல் ஞாயிறு ஒரு மணி நேரம் பின்னாடி. அப்பா தினசரி காலண்டர்ல அந்த ரெண்டு நாளையும் பேனாவால சுழிச்சு வச்சிருப்பார், அன்னிக்கு ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பிட்டுத்தான் காபியே குடிப்பார். 2014 நவம்பர் கடைசியில ஒரு சனிக்கிழமை ஸ்கைப்ல பேசிக்கிட்டு இருக்கேன், எடிசன்ல எங்க அடுப்படியில மணி ஒம்பதரை, அப்பா தலைக்குப் பின்னாடி தெரியற கடிகாரத்துல பத்தரை. மாத்தலையாப்பான்னு கேட்டேன். மறந்துட்டேன் கண்ணுன்னார். அப்பா மறக்கிற ஆள் இல்ல. அம்மா பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம புடவைத் தலைப்பை சரி பண்ணிக்கிட்டாங்க. முழங்கால் வலியில ஸ்டூல் ஏற முடியலைன்னு அப்புறம் ஒரு மாசம் கழிச்சு பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்னிக்கு ராத்திரியே நானும் வீட்டுக்காரரும் பேசினோம். கிளம்பிடலாமா. அப்போ அவர் சொன்னது, அதுல தப்பு எதுவும் இல்ல, கணக்கா பார்த்தா சரியான பேச்சுதான். அங்க சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு தகுதி வரணும்னா 40 கிரெடிட் வேணும், வருஷத்துக்கு அதிகபட்சம் 4, ஆக பத்து வருஷ உழைப்பு. பல நாடுகளோட அமெரிக்கா ஒப்பந்தம் போட்டிருக்கு, ரெண்டு நாட்டு வேலையையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிக்கலாம், ஆனா இந்தியாவோட அப்படி ஒரு ஒப்பந்தம் கிடையாது, அதனால 38 கிரெடிட்டோட கிளம்பி வந்தா அந்த 38ம் இங்க எதுக்கும் ஆகாது. இன்னும் ஒரு வருஷம் இருந்தா நாப்பது முடிஞ்சிடும். அது முடியற சமயத்துல பையனுக்கு ஸ்கூல் வருஷம் பாதியில நிக்கும், அதையும் முடிச்சுக்கலாம். இதுக்கு நடுவுல கிரீன் கார்டு வேற, எங்க பிரையாரிட்டி டேட், அதாவது அந்த வரிசையில எங்க இடத்தைச் சொல்ற தேதி, 2010, எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்துல 7 சதவீதத்துக்கு மேல கிடையாதுன்னு அங்க சட்டம், நம்மூர் ஆளுங்க கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அதே 7தான், எந்தத் தேதிக்காரங்க வரைக்கும் முறை வந்திருக்குன்னு மாசாமாசம் விசா புல்லட்டின் வந்தா முதல் வேலையா அதைத்தான் பார்ப்போம், அந்த டேட் நாலு மாசம் முன்னாடி போகும், திடீர்னு நாலு வருஷம் பின்னாடி வரும். அந்த டேட் நகருதான்னு பார்த்த அளவுக்கு, அப்பா கடிகாரம் ஏன் நகரலைன்னு நான் பார்க்கலை.

அடுத்த வருஷம் டிசம்பர்ல வெள்ளம். 2015 டிசம்பர் 1 ராத்திரி. இங்க இருந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு நாள் போன் போகலை. ஏர்போர்ட்டை மூடிட்டாங்க, ரன்வேயில தண்ணி. அங்க என் போன்ல சார்ஜ் இருக்கு, வீட்ல கரண்ட் இருக்கு, ஹீட்டர் ஓடுது, கையில டிக்கெட் காசு இருக்கு, ஆனா வந்து இறங்க ஊர்ல இடம் இல்ல. மூணாவது நாள் அம்மா குரல் கேட்டுச்சு, "நாங்க நல்லா இருக்கோம், நீ சாப்பிட்டியா"ன்னு. ஆறு மாசத்துல கிளம்பி வந்துட்டோம்.

நான் வந்தப்போ அப்பா கேட் வரைக்கும்தான் நடப்பார். 2014ல ஆஞ்சநேயர் கோயில் வரைக்கும் தானா நடந்து போயிட்டு வருவாராம், கைத்தடி கூட இல்லாம. அந்த ரெண்டு வருஷ நடை எனக்குக் கிடைக்கலை. 2019 ஆகஸ்ட்ல போயிட்டார். கிடைச்ச மூணு வருஷத்துல என் பையனுக்கு தமிழ் எழுத்து சொல்லிக் கொடுத்தது அவர்தான். ஒம்பது வயசுப் பையன், பேசுவான், படிக்கத் தெரியாது. கேட் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு தெருவுல வர்ற தண்ணி லாரியைக் காட்டி படிடான்னுவார். அவன் கு, டி, நீ, ர்னு ஒவ்வொண்ணா கூட்டிப் படிக்கிறதுக்குள்ள லாரி திரும்பிடும், மிச்சத்தை அடுத்த லாரிக்கு வச்சுக்கலாம்பார். 2019 கோடையில ஏரியெல்லாம் வத்திப்போய் தெருவே லாரிக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சே, அப்போ அவன் தூரத்துல வர்றப்பவே முழுசா படிச்சான்.

இப்போ காசு விஷயம். இதைத்தான் எல்லாரும் முதல்ல கேப்பாங்க, நான் வேகமா சொல்லிடறேன், ஏன்னா இதுல பெரும்பாலானதுக்கு வழி இருக்கு. ரொம்ப வருஷம் வெளிய இருந்துட்டு வர்றவங்களுக்கு வருமான வரிச் சட்டத்துல ஆர்.என்.ஓ.ஆர்.னு, அதாவது இங்க வந்துட்டாலும் முழு ரெசிடென்டா கணக்குல எடுக்காத ஒரு நிலை உண்டு, முந்தின பத்து வருஷத்துல ஒம்பது வருஷம் நான்-ரெசிடென்டா இருந்திருந்தா, இல்ல முந்தின ஏழு வருஷத்துல இந்தியாவுல இருந்தது 729 நாளுக்குள்ள இருந்தா கிடைக்கும், பொதுவா ரெண்டு மூணு வருஷத்துக்கு வெளிநாட்டு வருமானத்துக்கு இங்க வரி வராது. வெளிநாட்டுல இருக்கிறப்போ இங்க பேங்க்ல வச்சிருந்த என்.ஆர்.இ. கணக்கை அப்படியே விட்டுடாதீங்க, திரும்பி வந்ததும் பேங்க்ல சொல்லி மாத்தணும். 401கேன்னு அங்க கம்பெனி மூலமா ஓய்வுக்காகச் சேர்த்த பணத்தை பயந்துபோய் உடனே எடுத்தா, ஐம்பத்தொம்பதரை வயசுக்கு முன்னாடின்னா வரியோட சேர்த்து 10 சதவீதம் அபராதம், அங்கயே கிடக்கட்டும். ஹெல்த் இன்ஷூரன்ஸ் மட்டும் கிளம்பறதுக்கு முன்னாடியே யோசிங்க, சுகர் பிரஷர் மாதிரி ஏற்கனவே இருக்கிற வியாதிக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் வைக்கலாம், அந்த மூணு வருஷம் வந்து இறங்கின நாள்லருந்து ஓடறதை விட அதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சா நல்லது.

பிள்ளைங்க விஷயம் அவ்வளவு லேசு இல்ல. அங்க பொறந்த குழந்தைக்கு ஓ.சி.ஐ. கார்டு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை இருக்கிற இந்திய வம்சாவளிக்குக் கொடுக்கிற கார்டு வாங்கலாம், இங்க வந்து போக, தங்க, படிக்க வசதி. ஆனா அது குடியுரிமை இல்ல, ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச்ல வந்த அறிவிப்புப்படி நீட், ஜேஇஇ மாதிரி தேர்வு எழுதலாம், ஆனா இந்தியக் குடிமக்களுக்குன்னே ஒதுக்கின சீட்டுக்குப் போட்டி போட முடியாது. பையனை டாக்டராக்கணும்னு கனவோட பத்தாவதுல கூட்டிட்டு வந்து, அப்புறமா இது தெரிஞ்சு உடைஞ்சுபோன ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கேன். அதே மாதிரி இங்க பொறந்து மூணு வயசுல அங்க போன குழந்தை, அப்பா அம்மாவோட கிரீன் கார்டு வரிசையில நிக்கும், 21 வயசு ஆச்சுன்னா வரிசையை விட்டு வெளிய வந்துடும். பதினெட்டு வருஷம் அந்த ஊரைத் தவிர வேற எதுவும் தெரியாத பிள்ளை, திடீர்னு சொந்தமா ஒரு விசா தேடணும். அதனால திரும்பறதா இருந்தா ஆறாம் கிளாசுக்குள்ள வந்துடுங்கன்னுதான் நான் கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். அதுக்கு மேல போச்சுன்னா பிள்ளையையும் உக்கார வச்சுக் கேளுங்க, அதுவும் இந்த முடிவுல ஒரு ஆள்.

அங்கயே இருக்கேன்னு முடிவு பண்றவங்களை நான் தப்பு சொல்லலை. என் தோழி ஒருத்தி, அவ பொண்ணுக்கு ஆட்டிசம், அந்தக் குழந்தைக்கு அங்க பப்ளிக் ஸ்கூல்ல கிடைக்கிற தெரப்பி, உதவி எல்லாம் இங்க அந்த அளவுக்கு கிடைக்காதுன்னு ரெண்டு வருஷம் விசாரிச்சுப் பார்த்துட்டு, அங்கயே இருந்துடறேன்னு முடிவு பண்ணா. பண்ணின அன்னிக்கே அவ அப்பா அம்மாவுக்கு போன் பண்ணி நான் திரும்ப மாட்டேன்னு சொல்லிட்டா. அம்மா அழுதாங்களாம். ஆனா அடுத்த மாசமே மாடிப்படி ஏற வேண்டாம்னு லிஃப்ட் இருக்கிற பிளாட்டுக்கு மாறினாங்க, ராத்திரிக்கு ஒரு ஆளை வச்சாங்க, தம்பி வீட்டுக்குப் பக்கத்துலயே போயிட்டாங்க. அதுவரைக்கும் "அவ வந்துடுவா, அப்போ பார்த்துக்கலாம்"னு எல்லாத்தையும் தள்ளிப் போட்டுக்கிட்டு இருந்தவங்க. "இன்னும் ரெண்டு வருஷம்"னு நாம போன்ல சொல்றோம் பாருங்க, அந்த ரெண்டு வருஷத்தை நம்பி இங்க பாத்ரூமுக்கு ஒரு கைப்பிடி கூட போடாம இருக்காங்க.

போன வருஷம் என் பையன் காலேஜ் படிக்க அங்கயே போயிட்டான். அவன் பொறந்த நாடு, போகாதேன்னு நான் சொல்லலை. கடிகாரம் அதே இடத்துலதான் இருக்கு, பேட்டரி போட்டு திரும்ப ஓட விட்டேன், நவம்பர்ல நான்தான் ஸ்டூல் போட்டு ஏறி மாத்தினேன். இறங்கறப்போ அம்மா ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. எனக்கு ஏற முடியாத வருஷம் வந்தா அன்னிக்கே அவன்கிட்ட சொல்லிடுவேன்னு அம்மாகிட்ட சொன்னேன். நம்பாத மாதிரி பார்த்தாங்க.

அவ்வளவுதாங்க. கேள்வி நேரம்னு சொல்லியிருக்காங்க, ஆனா விசா, வரி கேள்வியெல்லாம் கடைசியில வச்சுக்கலாம். முதல்ல முன்வரிசையில இருக்கிறவங்க பேசுங்க. உங்க பசங்ககிட்ட போன்ல சொல்லாம விட்டது ஏதாவது இருக்கும்ல, அதை இங்க சொல்லிப் பாருங்க. மைக் அங்கயே வரும், நீங்க எழுந்திரிக்க வேண்டாம்.