காணாமல் போன மாணவரும் நம் ஊகங்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கல்லூரி மாணவர் காணாமல் போனால், அவருடைய வீட்டாருக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்தான். கடைசியாக அவரை யார் பார்த்தார்கள், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன சட்டை போட்டிருந்தார். இதைச் சரியாகச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் தேடுகிறவர்களுக்கு ஒரு திசை தெரிந்துவிடும். ஆனால் நம் வாயில் முதலில் வருவது "ஏன் போயிருப்பான்?" என்ற கேள்விதான். பதில் தெரியாத கேள்வி என்பதால் ஆளுக்கொரு கதை பிறக்கிறது. கல்லூரி விடுதியில் நெடுங்காலம் வார்டனாக இருந்தவள் நான். இந்தக் கதைகள் தேடலையே கெடுத்துவிடுகின்றன என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் பிராவிடன்ஸ் என்றொரு நகரம். அங்கே பிரவுன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர் சுனில் திரிபாதி. இந்திய வம்சாவளிப் பிள்ளை, வயது 22. மனச்சோர்வு இருந்ததால் படிப்பிலிருந்து விடுப்பு எடுத்திருந்தார். 2013 மார்ச் 16 அன்று அவரைக் காணவில்லை. கைபேசியும் பர்ஸும் வீட்டிலேயே இருந்தன. பெற்றோரும் அக்காவும் அண்ணனும் அந்த நகரத்துக்கே வந்து, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தேடினார்கள். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கிப் படங்களைப் போட்டார்கள். "தம்பி, எங்கே இருந்தாலும் வந்துவிடு" என்று வீடியோவில் பேசினார்கள்.

ஒரு மாதம் போனது. ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் என்ற இன்னொரு அமெரிக்க நகரத்தில் நடந்த மாரத்தான் ஓட்டத்தில் இரண்டு குண்டுகள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். 18-ஆம் தேதி மாலை, சந்தேகத்துக்குரிய இரண்டு பேரின் படங்களை அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வெளியிட்டது. வெள்ளைத் தொப்பி போட்ட இளைஞனின் படம் அவ்வளவு தெளிவாக இல்லை. அதைப் பார்த்துவிட்டு, "காணாமல் போன அந்த மாணவன் மாதிரி இருக்கிறதே" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் முகத்தோடு முகத்தை ஒட்டிப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், தாடையைப் பார்த்தார்கள். நள்ளிரவு தாண்டியதும், காவல் துறையின் வயர்லெஸ்ஸிலேயே அவர் பெயர் வந்துவிட்டதாக ட்விட்டரில் ஒரு செய்தி ஓடியது. பிறகு அந்த ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு அதில் அந்தப் பெயரே கிடைக்கவில்லை. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்துவிட்டார்கள். பகிர்ந்தவர்களில் பத்திரிகையாளர்களும் உண்டு.

அன்று விடிகாலை 3 மணியிலிருந்து 4 மணி 11 நிமிடத்துக்குள் அக்காவின் கைபேசிக்கு 58 அழைப்புகள் வந்தன. தம்பியைப் பார்த்தவர்கள் கூப்பிட வேண்டும் என்பதற்காக ஊருக்கே கொடுத்து வைத்திருந்த எண் அது. அதில் வந்ததெல்லாம் நிருபர்களின் குரல். ஃபேஸ்புக் பக்கத்தில் வசவுகள் வந்து குவிந்தன. வேறு வழியில்லாமல் குடும்பம் அந்தப் பக்கத்தை மூடியது. மூடியதைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பார்த்தீர்களா, பயந்துவிட்டார்கள், ஏதோ மறைக்கிறார்கள்" என்றார்கள். ஒரு மாதம் பாடுபட்டுக் கட்டிய தேடல் ஒரே ராத்திரியில் இப்படி ஆனது.

காலையில் உண்மையான குற்றவாளிகளின் பெயர் தெரிந்துவிட்டது. அவர்கள் வேறு இரண்டு சகோதரர்கள். ரெட்டிட் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. ஏப்ரல் 23 அன்று பிராவிடன்ஸ் நகரத்து ஆற்றில் சுனிலின் உடல் கிடைத்தது. பல்பதிவை வைத்து இரண்டு நாளில் அடையாளம் உறுதியானது. காணாமல் போன நாளையொட்டியே அவர் இறந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான கணிப்பு. அதாவது, குண்டு வைத்தவன் என்று உலகமே பேசிய அந்த ராத்திரியில் அந்தப் பிள்ளை உயிரோடே இல்லை.

அது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று விட்டுவிட முடியாது. நம் தலைநகரில் நடந்ததைப் பாருங்கள்.

டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உயிரித் தொழில்நுட்பம் முதுகலை முதலாண்டு படித்தவர் நஜீப் அகமது. உத்தரப்பிரதேசத்தின் பதாயூனைச் சேர்ந்தவர். 2016 அக்டோபர் 14 இரவு மாஹி மாண்டவி விடுதியில் சில மாணவர்களோடு தகராறு, கைகலப்பு. மறுநாள் அவரைக் காணவில்லை. சண்டை நடந்தது தெரிந்து, மகனைப் பார்க்கப் பதறிக்கொண்டு புறப்பட்டு வந்த அம்மா ஃபாத்திமா நஃபீஸ் விடுதிக்குள் நுழைந்தபோது மகன் அறையில் இல்லை. கைபேசி அங்கேயே கிடந்தது.

மகனைக் கண்டுபிடித்து நேரில் நிறுத்த உத்தரவிடுங்கள் என்று அந்த அம்மா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். டெல்லி காவல் துறையிடமிருந்து 2017 மே மாதம் வழக்கு சிபிஐக்குப் போனது. தகவல் கொடுப்பவருக்குச் சன்மானம் 50 ஆயிரத்தில் தொடங்கி 10 லட்சம் ரூபாய் வரை ஏறியது. இவையெல்லாம் ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் கதைகள் தனியாக ஓடின. ஓர் ஆட்டோக்காரர் அவரை டெல்லியின் இன்னொரு பல்கலைக்கழகமான ஜாமியா மில்லியாவில் இறக்கிவிட்டதாக ஒரு செய்தி. சிபிஐ விசாரித்தபோது அது நிற்கவில்லை. மடிக்கணினியில் ஐஎஸ் என்ற பயங்கரவாத இயக்கத்தைப் பற்றித் தேடியிருந்தார் என்று 2017 மார்ச்சில் ஒரு செய்தி; அப்படி எதுவும் விசாரணையில் தெரியவரவில்லை என்று டெல்லி காவல் துறையே மறுத்தது. மறுப்பு எத்தனை பேர் காதுக்குப் போயிருக்கும்? 2018-இல், தன் மகனின் பெயரைக் கெடுத்தார்கள் என்று அந்தத் தாய் 2 கோடியே 20 லட்சம் ரூபாய் கேட்டு அவதூறு வழக்குப் போட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2019-இல் "என் மகன் எங்கே?" என்று அவர் பகிரங்கமாகக் கேட்டதும், வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றியது. ஐஎஸ் கொடியோடு சிலர் நிற்கும் படம். அதில் ஒருவர்தான் நஜீப் என்றார்கள். உண்மையில் அது 2015 மார்ச்சில் இராக்கில் எடுத்தது. நஜீப் காணாமல் போவதற்கு ஒன்றரை வருடத்துக்கும் முன்னால்! அதில் இருந்தவர்கள் ஐஎஸ்ஸை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள், பிடுங்கிய கொடியோடு நின்றவர்கள். படம் எந்த வருடத்தது என்று பார்க்கக்கூட அனுப்பியவர்களுக்குப் பொறுமை இல்லை. எனக்கு அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. பிள்ளையைத் தேட வேண்டிய தாய், பிள்ளை தீவிரவாதி இல்லை என்று வாதாடிக்கொண்டு நீதிமன்றத்துக்கு அலைந்தார். சிபிஐ 2018 அக்டோபரில் வழக்கை முடிக்க அறிக்கை கொடுத்தது. 2025 ஜூன் 30 அன்று டெல்லி நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. புதிய தகவல் கிடைத்தால் மறுபடி விசாரிக்கலாம் என்ற அனுமதியோடு.

சரி, நம் ஊர்ப் பக்கம் வருவோம். இங்கே பையன் காணாமல் போனால் கடன், போதை, பரீட்சையில் ஃபெயில் என்பார்கள். பெண் காணாமல் போனால் ஒரே வார்த்தைதான்: "ஓடிப்போய்விட்டாள்." இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வீட்டார் செய்வதை விடுதியில் இருந்து பார்த்திருக்கிறேன். "மேடம், வெளியே தெரிய வேண்டாம், நாங்களே சொந்தக்காரங்க வீட்டில் விசாரித்துக்கொள்கிறோம்" என்பார்கள். போலீஸ் வேண்டாம் என்று கும்பிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு விபத்து நடந்திருக்கலாம், யாராவது அடைத்து வைத்திருக்கலாம், மனம் உடைந்து எங்காவது உட்கார்ந்திருக்கலாம். அதையெல்லாம் பார்க்க வேண்டிய முதல் இரவு மானத்தைக் காப்பாற்றுவதிலேயே போய்விடும். பேருந்து நிலையத்திலும் கடைகளிலும் இருக்கிற சிசிடிவி பதிவுகள் நிரந்தரமாக இருப்பவை இல்லை. கொஞ்ச நாளில் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும்.

அதனால் வீட்டாருக்கு ஒன்று சொல்கிறேன். புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உடனே 112-ஐக் கூப்பிடுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். "மேன் மிஸ்ஸிங்", அதாவது ஆணோ பெண்ணோ ஆளைக் காணவில்லை என்று வழக்குப் பதியச் சொல்லி, எஃப்ஐஆர் நகலைக் கேட்டு வாங்குங்கள். தேடல் நகரவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போடலாம்.

விடுதி மாணவர்களே, உங்கள் ரூம்மேட்டைக் காணவில்லை என்றால் அவன் கட்டிலையும் மேசையையும் கலைக்காதீர்கள். கேட் ரெஜிஸ்டரில் என்ன நேரம் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் வார்டனிடமும் போலீஸிடமும் சொல்லுங்கள். காதல், கடன் என்று உங்களுக்கு உண்மையாகவே ஏதாவது தெரிந்திருந்தால் அதையும் அவர்களிடம் ஒளிக்க வேண்டாம். மெஸ்ஸில் உட்கார்ந்து பேச வேண்டாம்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் வரும் "காணவில்லை" செய்திகள். அனுப்புவதற்கு முன்னால் அதில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டு, ஆள் கிடைத்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பத்திரமாக வீடு திரும்பி, வேலைக்கும் சேர்ந்துவிட்ட பெண்ணின் படம் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். கிடைத்துவிட்டார் என்று தெரிந்தால் உங்கள் குழுவில் அதைச் சொல்லிவிட்டுப் படத்தை அழித்துவிடுங்கள். "எங்கே இருந்தாளாம்?" என்று அந்த வீட்டாரிடம் கேட்காதீர்கள்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.