ரெஸ்பான்ஸ் போனதும் தூங்கிப்போற த்ரெட்

வணக்கங்க. க்ளவுட் பத்தி ஏதாவது பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, அது பெரிய கடல், அதனால என்னை ரெண்டு ராத்திரி தூங்கவிடாம பண்ண ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிட்டுப் போறேன்.

ஆப்ல யாராவது ஆர்டர் போட்டா உடனே "ஆச்சு"ன்னு பதில் சொல்லிடணும், ரசீது மெயில் பின்னாடி ஒரு த்ரெட்ல, அதாவது அதே ப்ரோகிராமுக்குள்ள பக்கத்துல ஓடுற இன்னொரு வேலையா, தனியா போய்க்கட்டும்னு எழுதியிருந்தேன். லேப்டாப்ல ஜம்முனு ஓடுச்சு. க்ளவுட்ல ஏத்தினப்புறமும் பகல்ல ஒரு குறையும் இல்ல, ராத்திரி ஆர்டர் போடுறவங்களுக்கு மட்டும் மெயில் லேட்டா வருது, சிலருக்கு வரவே இல்ல. ப்ரோகிராம் எழுதி வைக்கிற குறிப்பான லாக்கைத் திறந்தா 'மெயில் தயாராகுது'ன்னு 11:42க்கு ஒரு வரி, அதே த்ரெட்டோட அடுத்த வரி 'மெயில் போயிடுச்சு' 11:53க்கு. நடுவுல எர்ரர்னு ஒரு புள்ளி கூட இல்ல. ஆனா 11:53க்கு வேற யாரோ ஒருத்தர் ஆப்பைத் திறந்திருக்காரு, அங்கதான் பொறி தட்டுச்சு.

நிறைய க்ளவுட் பிளாட்ஃபார்ம்ல ரிக்வெஸ்ட், அதாவது ஆப்ல இருந்து வர்ற அழைப்பு, கையில இருக்குற வரைக்கும்தான் நம்ம கோடு ஓட சிபியு குடுப்பாங்க. அதுக்குப் பதிலா ரெஸ்பான்ஸ் போயிடுச்சா, வேலை முடிஞ்சதுன்னு அதுவே முடிவு பண்ணிடும். அமேசானோட ஏடபிள்யூஎஸ் லாம்டா நம்ம கோடு ஓடுற பெட்டியையே அப்படியே உறைய வச்சிடும், அடுத்த அழைப்பு அதே பெட்டிக்கு வந்தா நம்ம த்ரெட் விட்ட இடத்துல இருந்து கண் முழிக்கும், யாரும் வரலைன்னா பெட்டியோட சேர்ந்து அதுவும் காலி. கூகுள் கிளவுட் ரன்லயும் ரிக்வெஸ்ட் கணக்குல பில் வர்ற மாதிரி ஓட்டினா பதில் போனதும் சிபியுவை இறுக்கிடுவாங்க. எப்பவும் சிபியு வேணும்னு மாத்திக்கலாம், சும்மா இருக்குற நேரத்துக்கும் பில் வரும், அதைவிட முக்கியம், கூட்டம் குறைஞ்சா பெட்டியை எடுத்துடுவாங்க, 10 செகண்ட் அவகாசம் குடுத்துட்டு மூடிடுவாங்க. அதனால அது எனக்கு வைத்தியமா தெரியல, ஒத்தடம்தான்.

சரி, மெயிலையும் அனுப்பிட்டே பதில் சொல்லி ரிக்வெஸ்ட்டுக்குள்ளயே மொத்தத்தையும் முடிச்சிடலாமேன்னா, ஹெரோக்குன்ற பிளாட்ஃபார்ம்ல 30 செகண்டுக்குள்ள பதில் ஆரம்பிக்கலைன்னா ரவுட்டர் அந்த ரிக்வெஸ்ட்டை வெட்டிவிட்டுரும்.

கடைசியில கியூதான், அதாவது செய்ய வேண்டிய வேலைகளை வரிசையா போட்டு வைக்கிற இடம். வெப் ப்ராசஸ் 'இந்த ஆர்டருக்கு மெயில் அனுப்பு'ன்னு சீட்டு எழுதிப் போட்டுட்டு பதில் சொல்லிடும், தனியா ஓடுற வொர்க்கர் அந்த சீட்டை எடுத்து வேலை பார்க்கும், நடுவுல செத்தாலும் சீட்டு கியூவுக்கே திரும்பிடும்.

அங்கயும் ஒரு குட்டு வாங்கினேன். வொர்க்கர் மெயிலை அனுப்பிட்டு, முடிச்சேன்னு சொல்றதுக்குள்ள செத்துப்போச்சு, சீட்டு திரும்ப வந்துச்சு, இப்படியே மூணு தடவை. ஒரே ஆர்டருக்கு மூணு ரசீது வாங்கின அந்த மனுஷன் போன் பண்ணி "மூணுக்கும் பணம் கட்டணுமா சார்?"னு கேக்குறாரு. இப்போ மெயில் போன கையோட அந்த ஆர்டர் நம்பரை டேட்டாபேஸ்ல குறிச்சுக்கறேன், வொர்க்கர் சீட்டை எடுத்ததும் முதல்ல அங்க பார்க்கும், நம்பர் இருந்தா சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். மெயில் போய் நம்பரைக் குறிக்கிறதுக்கு முன்னாடி செத்தா இன்னமும் ரெண்டாவது ரசீது போகும்தான், ரசீதே போகாம இருக்குறதுக்கு அது தேவலைன்னு விட்டுட்டேன்.